புள்ளி அக்காவின் கடைசிப் புள்ளி

போட்டோ ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் புள்ளி அக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது கிடைத்த கம்ப்யூட்டரில் ஸ்பேஸ் பார் செத்துக் கிடந்தது. முதலாளியிடம் சொன்னால் ஆறப் போடுவார். அதனால் சொல்லுக்குச் சொல் புள்ளி வைத்துப் படங்களுக்குப் பெயரிட்டாள்: ‘பள்ளி.விழா.மூன்றாம்.வகுப்பு.jpg’. புது கீபோர்டு வந்த பிறகும் கை கேட்கவில்லை.

இப்போது முதலாளி இணையதளம் திறக்கிறார். படத்தின் கீழே பெயர் மட்டும் வர வேண்டும், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் jpg என்ற வால் கூடாது.

“சாயங்காலத்துக்குள்ள பேரு ஒழுங்கா வரலைன்னா பழசு எல்லாத்தையும் அழிச்சிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்கிற மனிதர். அத்தனை வருஷ உழைப்பு!

ஆனால் அவளிடம் ரெகெக்ஸ் இருந்தது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதைக் குறிகளாலேயே சொல்லும் விதி அது. சமைத்துக்கொண்டே வீடியோ பார்த்துக் கற்றாள். எழுதி வைத்ததைப் பார்த்த கணவர், யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார்.

^(.*?)\.(.*)$

படங்களை நகலெடுத்து, நகலின் மேல் இதை ஓட்டினாள். திரை முழுக்க ‘பள்ளி’, ‘பள்ளி’, ‘பள்ளி’. முதல் புள்ளியிலேயே வெட்டிவிட்டது! தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கேள்விக்குறி கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் நிற்கும் * என்ற நட்சத்திரம் பேராசைக்காரி, கிடைத்ததையெல்லாம் வாரிச் சுருட்டும். பக்கத்துக் கேள்விக்குறிதான் அதன் கையைப் பிடித்து இழுக்கிறது. அதை அழித்தாள். இனி நட்சத்திரம் முழுப் பெயரையும் விழுங்கி, வேறு வழியில்லாமல் கடைசிப் புள்ளி வரை மட்டும் பின்வாங்கும்.

ஓட்டினாள். ‘பள்ளி.விழா.மூன்றாம்.வகுப்பு’ முழுசாக வந்து நின்றது, வால் தனியாக! அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி. நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாள். ஆல்பம் ஒட்டுகிறவர் பதறி ஓடி வந்தார். அவரிடம் விளக்கத் தொடங்கி, மூச்சு வாங்கி, பாதியில் சிரித்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் முதலாளி நம்பாமல் உட்கார்ந்தார். தன் படம் எத்தனை தேறுகிறது என்று பார்க்கும் ஆசையில் தேடும் கட்டத்தில் ‘முதலாளி’ என்று தட்டினார். ஒரே ஒரு படம் வந்தது. ‘முதலாளி.அப்பா.கடை.திறந்த.நாள்’. பீரோவில் கிடந்த பழைய பிலிம் சுருளிலிருந்து அவள் எடுத்து வைத்தது. அவர் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

“இதையா அழிக்கச் சொன்னேன்?”

“ஆமா சார்” என்றாள் புள்ளி அக்கா.