நாலாவது கட்டத்தில் ஒரு டிக்

தண்ணீர் மீட்டர் பட்டறையில் அவருக்குச் சொட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது சம்பளச் சீட்டோடு சரி. பழைய மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்தால், அதை மேஜையில் பூட்டி, நூறு லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டு, முள் நூறைக் காட்டுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. திருகு மரையில் ஒரு சொட்டு கசிந்தாலும் போதும், மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு.

ஒரு சொட்டைக்கூட விடாத இந்த மனிதர்தான் வரி விஷயத்தில் குடம் குடமாகக் கொட்டினார். முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். இந்தக் கதையைக் கேட்டபோது நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

அவருக்கு ஐம்பத்து மூன்று நடக்கும்போது மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியிலேயே அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. என்னால தாங்க முடியாது."

பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டே பேருக்குள் ரகசியம் பத்திரமாக இருந்தது. பணம்தான் இல்லை. இருந்ததெல்லாம் அறுபது வயதில் கைக்கு வரவேண்டிய ஓய்வுக்கால நிதி. முன்கூட்டியே எடுக்க ஒரு படிவம் உண்டு. ஏன் எடுக்கிறாய் என்று கேட்டு அதில் நாலு கட்டங்கள்: வீடு, மருத்துவம், படிப்பு, சொந்தக் காரணம். முதல் மூன்றுக்கும் சான்று காட்டினால் வரி கிடையாது. நாலாவதற்கு வரியும் உண்டு, அபராதமும் உண்டு. எல்லாம் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

ஆனால் அந்தப் படிவம் பட்டறையில் நாலு பேர் கைமாறித்தான் போக வேண்டும். கடைசிக் கை கணக்குப் பிரிவு குமாஸ்தாவுடையது. பூதக்கண்ணாடி என்பார்கள். தேதிக்கு நடுவே புள்ளி விட்டுப்போனால்கூடக் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிற ஆள். இருபது வருஷமாகச் சொட்டோடு ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு. மருத்துவம் என்று டிக் போட்டால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று சொட்டு நினைத்தார். நாலாவது கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"என்ன சொட்டு, கார் வாங்கறியா?" என்று பூதக்கண்ணாடி கேட்டான்.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அதோடு நிறுத்தாமல், எந்தக் கார் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்து வேறு வைத்தார். முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மதியச் சாப்பாட்டையும் தன் மேஜைக்கே மாற்றிக்கொண்டார். மீட்டர்களுக்கு நடுவே ஒண்டியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

பதினாலு மாதம் கழித்து அவள் போய்விட்டாள். மாரடைப்பு என்று சொல்லிவிட்டார். எல்லாரும் வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், போனார்கள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போடுவார். யாரோ யாரிடமோ பேசுவதைக் கேட்டபடியே நாற்காலியில் தூங்கிப்போவார். தனிமை என்றால் அப்படியொரு தனிமை.

நாலு மாதம் ஆனதும் வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. எடுத்த பணம் முழுவதையும் அந்த வருஷச் சம்பளத்தோடு கூட்டி, பெரிய வருமானக்காரர்களுக்குப் போடுகிற வரியைப் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் அபராதமாகப் பத்தில் ஒரு பங்கு. பணமோ மருந்தாக மாறி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வீட்டை விற்றால்தான் கட்ட முடியும். அவள் வாழ்ந்த வீடு.

பில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வரி ஆபீஸுக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இவ்ளோ பில்லு வச்சிருக்கீங்களே சார். இதுக்கு வரியே கெடையாது. ஏன் நாலாவதுல டிக் போட்டீங்க?"

"ஆபீஸ்ல தெரிஞ்சிடும்னு."

அவள் ஒரு திருத்தப் படிவத்தை நீட்டினாள். "நோய் என்னன்னு எழுதி, உங்க கணக்குப் பிரிவுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்துடணும். விட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சொட்டு ஒன்பது நாள் அந்தப் படிவத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மாதத்தின் கடைசி நாள் மதியம் பூதக்கண்ணாடியின் எதிரே போய் நின்றார்.

அவன் படிவத்தை வாங்கினான். படிக்காமலே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினான்.

"படிக்காம போடறியே?"

"படிக்க என்ன இருக்கு. எனக்குத் தெரியும். மூணு வாரத்துக்கு ஒரு செவ்வாக்கெழம லீவு போட்டே. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் மருந்து ஏத்தினாங்க. லீவு ரிஜிஸ்டரப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. இங்க எல்லாருக்குமே தெரியும்."

"அப்பறம் ஏன்டா காரு கீருன்னு கேட்டே?"

"நீ மறைக்கறது தெரிஞ்சுது. நம்பற மாதிரி நடிச்சோம். அந்த டிக்கு தப்புன்னும் தெரியும். ரெண்டு நாள் கையில வச்சிருந்தேன். கூப்பிட்டுச் சொன்னா குட்டு ஒடஞ்சிடுமேன்னு அப்படியே அனுப்பிட்டேன். என் தப்புதான் சொட்டு."

சொட்டுக்குக் கோபம் வரவில்லை. மனைவியின் கடைசி மாதங்கள்தான் நினைவுக்கு வந்தன. பக்கத்து வீட்டில் மணி அடித்தால்கூட, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவாள். "நம்ம வீட்டுக்கா?" என்று கேட்பாள். பயப்படுகிறாள் என்று எண்ணி, "இல்ல, நம்ம வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க, நீ படு" என்று தைரியம் சொல்லுவார். அது பயமில்லை என்பது இந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

பூதக்கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எங்க வீட்டுல ஒருநாள் மனசு கேக்காம உங்க வாசல் வரைக்கும் வந்துட்டா. ஞாயித்துக்கெழம மத்தியானம். உனக்குப் பிடிக்காதேன்னு பெல் அடிக்காமலே திரும்பி வந்துட்டா."

"அடிச்சிருக்கலாம்டா" என்றார் சொட்டு. "அவ முழிச்சிட்டுதான் இருந்திருப்பா."