காதைத் தொட்ட கை

எங்கள் ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறோம். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் தலைமை ஆசிரியர் புதுப் பிள்ளைகளின் பெயர் எழுதுவார். பிறந்த தேதி என்ன என்று கேட்பார். "அந்தப் பெரிய மழ பேஞ்சுதே சார், அந்த வருசம்" என்பார் ஒருவர். "எங்க செவல மாடு செத்ததுக்கு மறுமாசம்" என்பார் இன்னொருவர். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு ஐந்து வயது முடிகிற மாதிரி ஏதாவது ஒரு ஜூன் தேதியை எழுதிவிடுவார். வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு சான்று ஏது? நானும் அப்படி ஒரு ஜூன்காரன். போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர், ஒடிசா என்று பத்து வருடத்துக்கு மேல் அலைகிறேன். எந்த ஊரில் போலீஸ்காரர் நிறுத்தி ஆதார் அட்டை கேட்டாலும், தலைமை ஆசிரியர் எழுதிய தேதியைத்தான் எடுத்து நீட்டுகிறேன்.

வயது சரிதானா என்று பார்க்க அவரிடம் ஒரு அளவு இருந்தது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த ஜூனில் வர வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் இது நடந்தது. பள்ளிக்கூடம் என்பது ஒரு அறை, ஒரு தாழ்வாரம், பின்னால் ஒரு சமையல் கொட்டகை. அஞ்சு வகுப்பும் அந்த ஓர் அறையில்தான். ஆசிரியரும் ஒருவர்தான். ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி, ரோட்டில் இறங்கி, மூன்று மைல் மேலே நடந்து வருவார். கொட்டகையில் சமைப்பது எங்கள் அம்மா.

கோடை விடுமுறையில் அறையை ஆடுகள் எடுத்துக்கொள்ளும். அதனால் பள்ளி திறக்கும் நாளில் எங்கள் முதல் பாடம் ஆட்டுப் புழுக்கை அள்ளுவது. மணிக்குப் பதிலாகத் தொங்கிய இரும்புத் துண்டில் குளவி கூடு கட்டியிருந்தது, அதைப் புகை போட்டுக் கலைத்தோம். என் தாய்மாமா ரோட்டிலிருந்து புதுப் புத்தகக் கட்டுகளைத் தலையில் சுமந்து வந்து இறக்கினார். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். தலைமை ஆசிரியர் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒருவன் பின்னால் இன்னொருவன் ஒளிந்திருப்பான் என்று சந்தேகப்பட்டவர் போல மறுபடியும் எண்ணினார். இரண்டு முறையும் ஒன்பது பேர்தான் இருந்தோம்.

போன வருடம் பதின்மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஆறாம் வகுப்புக்குக் கீழே விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இன்னும் இரண்டு பேரை, புளி உலுக்கி முடிந்த கையோடு, பெற்றவர்கள் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

கொட்டகை வாசலில் நின்று தலைமை ஆசிரியர் அம்மாவிடம் சொன்னார். "ஒம்போதுதான்மா இருக்குது. பத்துக்குக் கொறஞ்சா ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. வியாழக்கெழம ஆபீசர் எண்ண வர்றாரு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். பள்ளி போனால் அவள் வேலையும் போகும். அப்பா ஏற்கெனவே குடகில்தான் இருந்தார். பாறைமேல் ஏறி நின்றால் கிடைக்கும் சிக்னலில் போன மாதம் பேசியபோது, "பள்ளிக்கூடமும் இல்லன்னா அங்க இன்னாத்துக்குக் குந்தினு இருக்கணும், புள்ளைங்கள இட்டுனு வந்துடு" என்று சொல்லியிருந்தார். நான் ஒரு பருவம் அங்கே இருந்திருக்கிறேன். விடாத மழை. கால் விரல் இடுக்கில் அட்டைகள். ஒரே அறையில் மூன்று குடும்பம். என் வயதுப் பையன்கள் காலையிலேயே கூடை எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை. இன்றைக்கு ஒரு மாதம் ஓரிடத்தில் இருந்தால் கால் அரிக்கிறவன், அன்றைக்கு ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று கொட்டகைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்க பாப்பாவ சேத்துக்குங்க சார்" என்றாள் அம்மா. "தெனம் இங்கதான கெடக்குது."

பாப்பா என் தங்கச்சி. மூன்றரை வயது. அம்மாவோடு கொட்டகைக்கு வந்து, பகலெல்லாம் அங்கேயே விளையாடுவாள். வருகைப் பதிவு எடுக்கும்போது யார் பெயரைக் கூப்பிட்டாலும் வாசலில் நின்று "உள்ளேன் ஐயா" என்பாள். அவள் குரலை நம்பி, வராதவனுக்கெல்லாம் வருகை போட்டுவிட்டு அவர் பிறகு அடித்துத் திருத்துவார்.

அவர் பாப்பாவைக் கூப்பிட்டு, கையைத் தலைமேல் போட்டுப் பார்த்தார். விரல்கள் உச்சந்தலையைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டன.

"இன்னும் ஒன்றர வருசம் போவணும்மா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆபீசர் எதிர்ல காதத் தொட்டுட்டான்னா நான் எழுதிடறேன். தொடலன்னா நான் இன்னா பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கொத்து வேலை செய்கிறவர், நூல் பிடித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். பாப்பாவை நிற்கவைத்து, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நூல் பிடித்தார். அப்புறம் தலையைச் சுற்றிப் பிடித்தார். முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கை நீளாது. தலையத்தான் கொறைக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது முடியை. பாப்பாவுக்குப் பிறந்த முடி இன்னும் எடுக்கவில்லை. எங்கள் குலசாமி வேடியப்பனுக்கு இறக்குவதாக வேண்டுதல். ஒவ்வொரு வருடமும் அப்பா வரமுடியாமல் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அது சிக்குப் பிடித்து, தலைமேல் ஒரு காக்கைக் கூடு மாதிரி ஏறியிருந்தது.

"ரெண்டு வெரக்கட கனம் இருக்குதுக்கா" என்றார் மாமா. "இத எடுத்துட்டா கை எறங்கும்."

"சாமி முடிய ஆபீசருக்கு எறக்கறதா? ஒனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"எப்பிடியும் தாய்மாமன் மடியிலதான குந்த வச்சி எடுக்கணும்? தாய்மாமன் யாரு, நான்தான? முடிய மஞ்சத் துணியில கட்டி வச்சிக்கலாம். சாமிக்கு முடிதான வேணும், தேதியா கேக்குது?"

"அவரு வந்து கேட்டா?"

"மச்சானுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ வுடு."

அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புதன்கிழமை காலையில் அவளே ஒரு செம்பில் தண்ணீரும், தட்டில் மஞ்சளும் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்துவிட்டு, வேடியப்பன் மலை இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாப்பா மாமாவின் மடியில் கிடந்து கத்தினாள். "ஒரு முழு முட்ட ஒனக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினாள். சத்துணவு முட்டை பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். அதுவரை என் முட்டையில் பாதிதான் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

மொட்டை போட்டபின் கையைப் போட்டுப் பார்த்தோம். காதுக்கு மேலே ஒரு சுண்டுவிரல் நீளம் இடைவெளி. மாமா நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, தன் வேலை முடிந்தது என்பதுபோலப் பீடி பற்றவைத்தார்.

மிச்ச தூரத்தை நான்தான் கண்டுபிடித்தேன். தோளைத் தூக்கி, தலையை வலது பக்கம் லேசாகச் சாய்த்தால் இடது காது தானாக மேலே ஏறி வருகிறது. சாய்த்தது தெரியாமல் சாய்க்க வேண்டும். புளியமரத்துக்குப் பின்னால் அவளை நிறுத்திப் பகல் முழுக்கப் பழக்கினேன். அவள் மறந்துவிடுவாள் என்பதால் ஓர் அடையாளம் வைத்தேன். அண்ணன் இருமினால் தலையைச் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு முறை தொட்டதற்கும் ஒரு நெல்லிக்காய். மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி பேன்ட்டெல்லாம் சேறாக வந்து சேர்ந்தார். பாப்பா என் பழைய சீருடைச் சட்டையைப் பாவாடை போலக் கணுக்கால் வரை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு இந்த மொட்ட? பாப்பா, உன் வயசு என்ன?"

"அஞ்சு" என்று சொல்லி மூன்று விரலைக் காட்டினாள்.

தலைமை ஆசிரியர் கூரையில் ஓடு மாற்ற வேண்டிய இடத்தை ஆராய ஆரம்பித்தார். அதிகாரி சிரித்துவிட்டு, "எங்க, காதத் தொடு பாப்போம்" என்றார்.

பாப்பா எழுந்து கையைத் தலைமேல் போட்டாள். கழுத்து நேராக, கம்பம் மாதிரி நின்றாள். விரல்கள் மொட்டையில் வழுக்கிக்கொண்டு நின்றன. நான் இருமினேன். அவள் என்னைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தாளே தவிரச் சாய்க்கவில்லை. இன்னொரு முறை இருமினேன். எனக்குப் பின்னால் இருந்தவன் இருமினான். அவன் பக்கத்தில் இருந்தவளும் இருமினாள். ஒரு நிமிடத்தில் ஒன்பது பேரும் இருமிக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு நினைவு வந்தது. தலை சாய்ந்தது, விரல் காதில் பட்டது. பட்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அம்மா வந்து எடுக்கும்வரை விடவில்லை.

"தொட்டுட்டா சார், எழுதிக்குங்க" என்றார் அதிகாரி. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "மலையில இப்ப சளி சீசன் போல" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி தப்பியது. அம்மாவின் வேலையும் தப்பியது. நாங்கள் குடகுக்குப் போகவில்லை. பாப்பா அன்றைக்கு முழு முட்டை சாப்பிட்டாள். மஞ்சள் துணி மூட்டை அடுத்த வருடம் வேடியப்பனுக்குப் போய்ச் சேர்ந்தது, சாமியும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் இருமிக் காட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெரிய மனிதனாக இருந்தது அந்த வாரம் மட்டும்தான்.

நான் எட்டாம் வகுப்பு பாதியில் நிறுத்திவிட்டு லாரி ஏறினேன். யாரும் துரத்தவில்லை. உட்கார முடியவில்லை, போனேன். பாப்பா நன்றாகப் படித்தாள். எந்த வகுப்பிலும் அவள்தான் எல்லோரையும்விடச் சிறியவள், முதல் பெஞ்சு. பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் சேரவேண்டும் என்றாள். ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் அம்மா சட்டத்துக்குப் பயந்தவள், பதினெட்டு முடியாமல் பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்தாள். சான்றிதழில் பதினெட்டு முடிந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. அத்தனை வருடம் அந்தத் தேதியையே பார்த்துப் பார்த்து, தான் பெற்ற பெண்ணின் நிஜ வயதையே அவள் மறந்து போயிருந்தாள். மாமாவும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு நான் ராய்ப்பூரிலிருந்து வந்திருந்தேன். முதல் நாள், பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று யாரோ போன் போட்டதாகச் சொல்லி ஜீப்பில் இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க அண்ணனா? இது சரியான தேதிதானே?" என்று கேட்டார். பந்தல் போட்டாயிற்று, கீழேயிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், நான் கலர் பாட்டில்கள் அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பாப்பா அறை வாசலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதாங்க" என்றேன்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு கலர் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, "அன்னிக்குப் போன் போட்டது நான்தாண்ணா" என்று சொன்னாள். சொல்லிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

அந்த வியாழக்கிழமையில் இன்னும் ஒன்று நடந்தது. அதிகாரி போனபிறகு தலைமை ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் முட்டை வெந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் தட்டைக் கழுவ ஓடிவிட்டார்கள். அவர் அம்மாவிடம் பாப்பா பிறந்தது எப்போது என்று கேட்டார். போன கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் மூன்று வயது முடிந்தது என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு, வேறு ஒரு ஜூன் தேதியை எழுதினார். மை காயும்வரை பார்த்திருந்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"டேய், நான் இதுல என்னமோ எழுதிட்டேன். உங்கம்மா சொன்னத நீ மறந்துடாத. எப்பவாவது யாராவது கேட்டா, நெசமான வயச நீ சொல்லணும். இன்னா, சொல்லுவியா?"

எழுதத் தெரிந்தவர் அவர், பெற்றவள் அம்மா. அவர்களை விட்டுவிட்டு இந்த வேலையை என்னிடம் ஏன் கொடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வரிசை நகர ஆரம்பித்திருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு முட்டை வாங்க ஓடினேன்.