கதவில் தொங்கும் நகவெட்டி

தோலில் செதுக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்பு நடக்கும் அறையின் கதவுப்பிடியில் ஒரு நகவெட்டி தொங்கும். சணல் கயிற்றில் கட்டியிருப்பார்கள். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அங்கே நிற்க வேண்டும்.

"பத்து விரலையும் வெட்டிட்டு உள்ள வாங்க" என்று முதல் நாள், இடத்துக்குச் சொந்தக்காரரான கார் சீட்காரர் சொன்னபோது அவள் திகைத்துப்போய் நின்றாள்.

"நகத்தச் சொன்னேன்" என்றார் அவர்.

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். புதிதாக வரும் எல்லோருக்கும் இதே வேடிக்கை என்று பின்னால் தெரிந்தது. அவள் விரல்களை நீட்டிக் காட்டினாள். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்துமூன்று வருடமாக ஊசி குத்துகிறவள். கையுறைக்குள் நகம் வைத்துக்கொள்ள முடியாது.

ஈரமான தோலில் நகம் பட்டால் பட்டதுதான். கத்தி போட்ட கோடுபோல ஆழமாக, பிறை வடிவில் பதிந்துவிடும். காய்ந்தாலும் போகாது. சாயத்தை அதிகமாகக் குடித்து இன்னும் எடுப்பாகத் தெரியும்.

டயர் கடைக்கு மேல்மாடி அது. வார நாட்களில் சீட்காரர் அங்கே கார் இருக்கைகளுக்கு உறை தைப்பார். ஞாயிற்றுக்கிழமை தையல் இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவார். ஆறேழு பேர் வருவார்கள். ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், மற்றவர்கள் வந்தும் வராமலும். ஆசிரியர் என்று யாரும் இல்லை. போன வாரம் ஒருவர் கெடுத்ததிலிருந்து இந்த வாரம் இன்னொருவர் கற்றுக்கொள்வார்.

அதற்கு முன்பு பல் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது மடியில் வைத்திருந்த கைப்பையைத்தான் அவள் முதலில் பார்த்தாள். தோலிலேயே செதுக்கிய இலைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எங்கே வாங்கினது என்று கேட்டாள்.

"நானே பண்ணது. என் கிளினிக்ல இருக்கற பாதி ஆயுதம் இப்ப இதுக்குத்தான் போகுது."

அந்த வகுப்பைப் பற்றி வீட்டுக்கு வந்து சொன்னாள். தங்கை உடனே, "போ. ஞாயித்துக்கிழமையாவது என் மூஞ்சியப் பாக்காம எங்கயாவது போய்த் தொல" என்றாள்.

தங்கைக்கு நாற்பத்தொன்பது. கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. தரை ஓடு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடம் பூ வரைந்தாள். "ஊர்ல பாதிப்பேர் என் பூ மேல நின்னுதான் குளிக்கிறாங்க" என்பாள். சர்க்கரை முதலில் காலைத் தொட்டது, பிறகு கண்ணுக்கு ஏறியது. இடது கண்ணில் திரை விழுந்தாகிவிட்டது. வலது கண்ணைப் பற்றிக் கண் மருத்துவர், "வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்றார்.

"அவரு பாப்பாரு. நான் பாப்பேனான்னு சொல்லலையே" என்றாள் தங்கை, ஆட்டோவில் திரும்பும்போது.

அந்த வாரமே அக்கா தங்கையிடம் தடித்த பேனாவும் தாளும் கொடுத்து, தோலில் செதுக்குவதற்கு ஒன்று வரைந்து தரச் சொன்னாள். மேசை விளக்கைத் தாளோடு ஒட்டி இழுத்து வைத்துக்கொண்டு, மூக்கு கிட்டத்தட்ட மையில் பட, தங்கை பதினொரு நாள் வரைந்தாள். ஒரு கொடி, மூன்று இலை, ஒரே ஒரு பூ. பூ முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"ஏன்டி திருப்பி வச்சிருக்க?"

"எல்லாரும் முன்னாடிதான வரையறாங்க. நானும் இருபது வருஷம் அதத்தான் வரைஞ்சேன். பூவோட முதுக யாரு பாக்கறா?" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்சை அடி. மழை பெஞ்சு நின்ன பச்சை" என்றாள்.

வலது கண் இருக்கும்போதே அதை முடித்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட வேண்டும். அக்காவுக்கு அதற்குமேல் திட்டம் எதுவும் இல்லை. வருடம் முடிய ஏழு மாதம் இருந்தது.

முதல் மூன்று மாதம் துண்டுத் தோல்களில் போயிற்று. கத்தியின் தலையில் ஆள்காட்டி விரலை வைத்து, கட்டை விரலால் தண்டைச் சுழற்றிக்கொண்டே தன் பக்கமாக இழுக்க வேண்டும். அவள் சிரிஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

"அக்கா, இது கத்தாது. ரத்தமும் வராது. தைரியமா அழுத்துங்க" என்றார் டிரைவர்.

ஈரம்தான் கடினம். தண்ணீரில் நனைத்ததும் தோல் கறுத்துவிடும். ஓரங்களில் பழைய வெளிர் நிறம் திரும்பத் தொடங்கும் நேரம் ஒன்று உண்டு. தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், ஆனால் கன்னம் நனையாது. அப்போது வெட்ட வேண்டும். முன்னால் வெட்டினால் கோடு மூடிக்கொள்ளும். பின்னால் வெட்டினால் கத்தி இழுபடும். வெட்டிய கோட்டின் ஒரு பக்கத்தைச் சாய்வு உளி வைத்துத் தட்டி அமுக்கினால் மறுபக்கம் மேலெழுந்து இலையாகிவிடும். முதல் இலை அப்படி எழுந்தபோது அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவரவர் தோலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் எந்தத் தோலையும் தூக்கி எறிந்ததில்லை. எந்தத் தவறையும் வேறொன்றாக மாற்றிவிடுவார். அவருடைய பர்ஸ் முழுக்கத் தேவையில்லாத இலைகள். "வண்டி திருப்ப முடியாத சந்துல போய் மாட்டிக்கிட்டா என்ன பண்றது? இதான் ரூட்டுன்னு போயிட்டே இருக்கணும்" என்பார்.

தங்கைக்கு நகம் வெட்டிவிடுவது அக்காவின் வேலை. சர்க்கரை உடம்பு, தப்பாக வெட்டினால் புண் ஆறாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, மடியில் துண்டு விரித்து வெட்டுவாள். வகுப்பு தொடங்கிய பிறகு அது தள்ளிப்போனது. அடுத்த வாரம் என்பாள். தங்கையின் படத்துக்கென்று எடுத்த தோலில் கோடுகள் வெட்டி முடித்திருந்த சமயத்தில் மூன்று ஞாயிறு தவறியிருந்தது.

ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் தோலை நனைத்து வைத்து, ஓரம் வெளுக்கக் காத்திருந்தாள். தங்கை எதிரில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவன். கேனை உள்ளே வாங்கி, காலிக் கேனைத் தேடிக் கொடுத்துத் திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

தங்கையின் இரண்டு கைகளும் தோலின் மேல் இருந்தன.

கொடியின் தண்டு நெடுகப் பிறைகள். ஒன்றை அடுத்து ஒன்று, நெருக்கமாக, தண்டோடு வளைந்து பூ வரைக்கும் போய், அங்கே வழி தவறி வெறும் தோலில் இறங்கியிருந்தன.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"தொட்டுப் பாத்தேன்."

"தொட்டுப் பாத்தியா? உழுது வச்சிருக்கடி. நாலு மாசம்... ஈரமா இருக்கு, தொடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"பாக்கணும்னு இருந்துச்சுக்கா."

"கண்ணால பாரு! இன்னும் ஒரு கண்ணு இருக்குல்ல? எதுக்கு இருக்கு அது?"

தங்கை கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வானொலியில் யாரோ கத்தரிக்காய்ச் செடிக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சரிக்கா" என்றாள்.

அக்கா நகவெட்டியை எடுத்து வந்தாள். துண்டு விரிக்கவில்லை. பத்து நகத்தையும் நின்றபடியே வெட்டினாள், சதையோடு ஒட்டி. வலது மோதிர விரலில் ஒரு துளி ரத்தம் வந்தது. இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பஞ்சு எங்கே இருக்கிறது என்று நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோலை மேசையில் விரித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் ஒருமுறையாவது நேர்ந்தது. டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"யாரு பண்ணது?"

"வீட்ல."

"பூனையா?"

"தங்கச்சி."

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு வேலையைப் பார்த்தார். தோலைத் திரும்ப நனைத்து, கரண்டியின் முதுகால் தண்டை நீவச் சொன்னார். மேலாக இருந்த பிறைகள் அடங்கின. வெறும் தோலில் இறங்கிப் போனவற்றைப் பின்னணி முழுவதும் புள்ளி உளியால் குத்தித் தாழ்த்தி மறைத்தார்கள். பூவுக்குக் கீழே ஒரே இடத்தில் நாலைந்து பிறைகள் ஆழமாக இருந்தன. அவை எதற்கும் அடங்கவில்லை.

"அங்க ஒரு மொட்டு வச்சிருங்க."

"படத்துல மொட்டு இல்லையே."

"இனிமே இருக்கு."

மொட்டு வைத்தாள். அவள் செதுக்கியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. பச்சை சாயத்தை ஓரத்தில் சோதித்துப் பார்த்தபோது, நீவிய இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தது. "அடர் பழுப்பு அடிச்சா எல்லாத்தையும் மூடிரும்" என்றார் பல் டாக்டர். மூடியது. சாயம் காய இரண்டு நாள், அதன்மேல் வார்னிஷ் இரண்டு பூச்சு. வார்னிஷ் பூசிய பிறகு தோலுக்குள் தண்ணீர் இறங்காது.

அந்தப் புதனுக்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. கிளம்பும் முன் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வகுப்புக் கதவில் வெட்டுவதுபோல, ஒட்ட வெட்டினாள். தங்கை கையை நீட்டிக் கொடுத்தாள்.

சட்டகம் மாட்டி வீட்டுக்கு எடுத்துவந்த ஞாயிறு, மணி ஒன்று இருக்கும். வெயில் நன்றாக இருந்தது. வருடம் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. முந்திவிட்டோம் என்று படியேறும்போது நினைத்தாள். தங்கையை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, சட்டகத்தைக் கையில் பிடித்துக் காட்டினாள்.

தங்கை தலையைச் சாய்த்தாள். சரியான திசையில்தான் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குக்கா. அந்தப் பச்சை, நான் சொன்ன மாதிரியே பிடிச்சிருக்கு."

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. திரும்ப உதைத்தார்கள்.

"ஆமா" என்றாள் அக்கா.

"இனிமே தொடலாம்ல?"

சட்டகத்தைத் தங்கையின் மடியில் வைத்தாள். விரல் நுனிகள் கீழேயிருந்து கிளம்பின. தண்டைப் பிடித்துக்கொண்டு ஏறின. முதல் இலை, இரண்டாவது, மூன்றாவது. வார்னிஷ் வழுக்கியது. விரல் இரண்டு தடவை கோட்டைத் தவறவிட்டுத் திரும்பத் தேடியது. பூவுக்குக் கீழே வந்து நின்றது.

"இது என்னது?"

"மொட்டு."

"நான் போடலையே."

விரல் மொட்டைச் சுற்றி வந்தது.

"இங்கதான் அன்னிக்குத் தொலைஞ்சேன்" என்றாள் தங்கை. "பூ வரைக்கும் கோட்டப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன். நகம் இருந்துச்சா, கோடு நல்லா மாட்டுச்சு. இந்த எடத்துல விட்டுப் போச்சு. சுத்திச் சுத்தித் தேடுனேன். அதுக்குள்ள நீ வந்துட்ட."

"எப்பலேர்ந்துடி?"

"எது?"

"தெரியாம."

"அன்னிக்கு நெழல் மாதிரி கொஞ்சம் இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. சொன்னா நீ வேலைய நிறுத்திருவ. உனக்கும் போறதுக்கு ஒரு எடம் வேணும்ல?" என்று சொல்லிவிட்டு, "திட்டாதக்கா. நகத்தடம்லாம் சுத்தமாத் தெரியவே இல்ல. கெட்டிக்காரிதான் நீ" என்றாள்.

சுத்தமாகத் தெரியவில்லைதான். அக்கா சட்டகத்தை மடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பிறையாவது, பாதியாவது இருக்கிறதா என்று உருப்பெருக்கியை எடுத்து வந்தும் பார்த்தாள். பிறை இருந்த இடத்திலெல்லாம் வேலை சுத்தமாக இருந்தது.

சமையலறைக்குப் போனாள். மீந்த தோலில் கையகலத் துண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. குழாயில் நனைத்தாள். கறுத்தது. மேசை மேல் வைத்துவிட்டு நின்றபடியே காத்திருந்தாள். ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

திரும்பி வந்து தங்கையின் மடியில் அந்தத் துண்டை வைத்தாள்.

"என்னக்கா?"

"ஈரத் தோலு. அழுத்து. அன்னிக்கு மாதிரி."

தங்கை இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தாள். அழுத்தினாள். திரும்ப, விரல்களை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். எடுத்ததும் சதை பட்ட இடங்கள் லேசாகக் குழிந்திருந்தன. மங்கலான பத்துப் பள்ளங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நிரம்பின.

"நகந்தான் இல்லியே" என்றாள் தங்கை. "காலைலதான வெட்டுன."

அவளுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் சிரித்தாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, விரல் நுனிகளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் எதுவும் உறுத்தவில்லை.

"வளரட்டும்" என்றாள்.

தோல் மடியில் கிடந்தது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெளுத்துக்கொண்டே வந்தது.