மருந்தில்லாத வரிசை

ஆய்வகத்தில் அவளை எல்லாரும் 'தட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகப் புற்றுநோய் செல்களைப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்பது அவள் வேலை. சத்துக் கரைசலை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊட்டுவாள். தட்டு நிறைந்துவிட்டால் பிரித்து வேறு தட்டில் குடிவைப்பாள். சொந்தப் பிள்ளையை இத்தனை கண்ணும் கருத்துமாக வளர்த்திருந்தால் டாக்டராகியிருக்கும் என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் கேலி செய்வார்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். அவன் நுரையீரலிலும் அதே சனியன் குடியேறிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தத் தட்டுகளைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் மேடம், அந்தச் செல்களைக் கொல்கிறதா என்று பார்க்கக் காளான் பொடி ஒரு டப்பா கொடுத்தார். அதை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றைத் தட்டில் செல்கள் வளரும் குழிகளில் ஒரு வரிசைக்கு விட வேண்டும். இன்னொரு வரிசையில் வெறும் ஆல்கஹால். செல்கள் செத்தது காளானாலா, ஆல்கஹாலாலா என்று அந்த இரண்டாவது வரிசைதான் சொல்லும். இதையெல்லாம் சொல்லிவிட்டு மேடம் இரண்டு மாதப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

தெரியாதவளா அவள்? ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன செல்களில் ஒரு வரிசையை மருந்தில்லாமல் விட்டுவைக்க மனசு வரவில்லை. எல்லாக் குழியிலும் காளான் சாற்றையே விட்டாள். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

மிச்சப் பொடியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்கவைத்துத் தம்பிக்குக் கொடுத்தாள். மருத்துவமனையில் புற்றுநோய்க்கான ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, தலைமுடியும் கொட்டி ஓய்ந்தவன் அவன்.

"அக்கா, இனி ஊசி வேணாம்க்கா. உன் காளானே போதும்."

"சரிடா. என் கண்ணால பாத்தேன், ஒண்ணு விடாம செத்துடுச்சு."

அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

மேடம் திரும்பி வந்து நோட்டைப் புரட்டினார்.

"வெறும் ஆல்கஹால் வரிசை எங்கம்மா?"

"வைக்கலை மேடம்."

"நீயா இப்படி?" என்றார். திட்டவில்லை. மிச்சமிருந்த சாற்றை வைத்து மறுபடி செய்யச் சொன்னார்.

செய்தாள். மூன்றாம் நாள் இரண்டு வரிசையும் ஒன்றுபோலச் செத்துக் கிடந்தன. ஆல்கஹால் அளவு கூடிப்போயிருந்தது. காளான் எதையாவது கொன்றதா என்று இந்தத் தட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே பஸ் ஏறினாள்.

தம்பி கண்ணாடி முன்னால் சீப்போடு நின்றிருந்தான்.

"அக்கா, இங்க பாரேன்! முடி முளைக்குதுக்கா! காளான் வேலை செய்யுது!"

ஊசியை நிறுத்தினால் முடி முளைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

"கிளம்புடா, ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சீப்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப இந்த ரெண்டு மாசமா உள்ள அது சும்மாவாக்கா இருந்திருக்கும்?"

ஒரு தட்டு நிறைய எத்தனை நாள் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள்.

"சட்டையைப் போடுடா," என்றாள்.

அவன் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டான். மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக அவளே போட்டுவிட்டாள்.