குண்டானுக்குள் இருந்த கருவி

கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. போனில் சிக்னல் இல்லை. சாலையோரக் கரும்பு வயலின் மேல் ஒரு டிரோன் சுற்றுவதைப் பார்த்து வரப்பில் இறங்குகிறேன்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் சிறு கருவிகளை இங்கே வயலுக்கு வயல் நட்டிருக்கிறார்கள். டவர் எட்டாத இடம் என்பதால் வாரம் ஒருமுறை டிரோன் பறந்து வந்து, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் நின்று அளவுகளை வாங்கிப்போகிறது. இன்று ஒரு கருவி மட்டும் பதில் தரவில்லை.

டிரோன் ஓட்டும் செல்வியும் வயல்கார அம்மாவும் தேடிப் போகிறார்கள். நானும் பின்னால் போகிறேன். கருவி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியக் குண்டான் ஒன்று கவிழ்ந்திருக்கிறது.

“நாலஞ்சு நாளா விட்டு விட்டுத் தூறுதுங்க. பாவம், நனையுமேன்னு மூடி வச்சேன்,” என்கிறார் அந்த அம்மா.

“அது நனைஞ்சா ஒண்ணும் ஆவாதும்மா. அலுமினியத்தப் போட்டு மூடுனா சிக்னல் வெளிய வராது, அது சொல்றது டிரோனுக்குக் கேக்காது,” என்கிறார் செல்வி.

“அப்ப பீங்கான்ல மூடுனா?”

செல்வி யோசிக்கிறார். “அதுல கேக்கும்.”

அம்மா மோட்டார் கொட்டகைக்கு ஓடி, ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்து வருகிறார். விருத்தாசலத்தில் அவர் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் விளிம்பு கோணலானதால் ஒதுக்கிய ஜாடி. அதைக் கவிழ்த்ததும் டிரோன் மேலே வந்து நிற்கிறது.

செல்வி திரையைப் பார்க்கிறார். “மேலதாம்மா ஈரம். அடி மண்ணு நாலு நாளா காஞ்சு கெடக்குதாம்.”

மோட்டாரைப் போடக் கிளம்பிய அம்மா, திரும்பி வந்து ஜாடியைத் தடவுகிறார்.

“நாலு நாளா உள்ள கத்திக்கிட்டா இருந்த? எனக்குக் கேக்கலியே, கண்ணு.”