சோதனைச் சாவடியில் அட்டவணை இணைப்பு

இன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். எனக்கோ ஒன்பது மணிக்குத் தரவுத்தளப் பரீட்சை.

சிப்பாய் நாற்பது அடையாள அட்டைகளையும் வாங்கினான். ஒவ்வோர் அட்டைக்கும், தேடப்படுவோர் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தான். அதுவோ அட்டை இலக்க வரிசையில் இருந்தது! மட்டமான கணினிகூட முதலில் அதைக் கவனிக்கும்.

"அட்டைகளையும் இலக்கப்படி அடுக்கினால், இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஒப்பிடலாம்" என்று அவனிடம் சிங்களத்தில் சொன்னேன்.

பஸ்ஸில் வந்து பக்கத்தில் நின்ற ஓர் அக்கா என் கையைக் கிள்ளினார். "பாடம் நடத்தாத பாப்பா. ஒன்னோட அட்டைய கடைசியில வச்சிருவான்."

கடைசியில்தான் வைத்தான்.

பரீட்சைக்கு என்னை உள்ளே விடவில்லை. எழுதிவிட்டு வந்த தோழி முதற்கேள்வியைச் சொன்னாள்: "இரு அட்டவணைகளை இணைக்கும் மிக மெதுவான முறையை விளக்குக. பத்துப் புள்ளி."

ஒன்றரை மணிநேரம் செய்முறையாகவே பார்த்தவளுக்கு நீங்கள் எத்தனை போடுவீர்கள்?