பஸ் பிள்ளைகளின் வகுப்பு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் படிப்பித்தவன் நான். மண்புழுவின் உடல் துண்டு துண்டாக அமைந்திருப்பதை விளக்கும்போது, எல்லாத் துண்டுகளின் ஊடாகவும் ஒரே குடல்தான் ஓடுகிறது என்பதைத் தவறாமல் சொல்வேன். கொழும்பில் சவர்க்காரம் விற்கும் என் மகன், வாங்குகிறவர்களை வயது, ஊர், வருமானம் என்று பிரிக்கிறான். சத்திர சிகிச்சை செய்பவர்கள் ஈரலைக்கூடப் பகுதி பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். பிரித்தால்தான் பெரிய விஷயங்களைக் கையாள முடிகிறது. நான் பிள்ளைகளைப் பிரித்தேன்.

பத்தாந்தரத்துப் பிள்ளைகளை வகுப்புப் பிரித்து, எந்தப் பாடம் எப்போது என்று நேரசூசி போடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பஸ், மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்தே வரும். பாடத்தின் நடுவே பிள்ளைகள் நுழைவது எனக்கு எரிச்சல். பரீட்சைப் புள்ளிகளைப் பார்க்காமலே, அந்த பஸ்ஸில் வருகிற எல்லோரையும் ‘சி’ வகுப்பில் போட்டேன். விஞ்ஞான ஆசிரியர்கள் இரண்டே பேர். அவர்களை ‘ஏ’க்கும் ‘பி’க்கும் கொடுத்தேன். ‘சி’க்கு, அந்த நேரம் ஓய்வாக இருக்கும் வேறு பாட ஆசிரியர் யாராவது போய்க் குறிப்பு வாசிப்பார்கள்.

விஞ்ஞானத்தில் முதலாவதாக வந்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, ‘ஏ’ வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்கத் தகப்பனோடு என்னிடம் வந்தாள்.

“பஸ்ஸ நம்ப வேணாங்க சேர். புள்ள நடந்தே வந்துரும். நர்ஸாகணும்னு எங்க உசுர வாங்குறா,” என்றார் அவர்.

“முதல்ல நேரத்துக்கு வரட்டும், பார்ப்போம்,” என்றேன்.

போன மாதம் மாத்தளையில் கிளினிக்குக்குப் போனேன். வரிசை இலக்கம் கொடுக்கும் உதவியாளப் பெண் என் முகத்தையே பார்த்தாள். அதே பிள்ளை, இப்போது தலை நரைத்திருந்தது.

“சேர், அது பிரஷர் வரிசை. நீங்க இந்தப் பக்கம் வாங்க. இங்கயும் பிரிச்சுத்தான் வச்சிருக்கோம்,” என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அப்ப நான் ரெண்டு வாரம் நடந்தே வந்தேன் சேர். மணிக்கு முந்தியே ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. எவ்வளவு வேல உங்களுக்கு.”

கவனித்தேன். நனைந்த சப்பாத்தோடு அவள் நின்றதைப் பத்து நாளும் பார்த்தேன். இவளை மாற்றினால் நாளை இன்னும் நாலு பேர் நடந்து வருவார்கள், நேரசூசியைத் திரும்பப் போட வேண்டிவரும் என்று நினைத்து, குனிந்து கோப்பின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“ஓம் பிள்ள, அப்ப வேலை அதிகம்தான்,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.